கூரை இறக்கிய வண்டி

கூரை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டது.

இரண்டு மில்லிதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். வண்டியே ஒரு சாண் நீளம்கூட இல்லை. பெரிய வண்டியில் ஓர் இஞ்சு என்றால் இதில் ஒரு மில்லி. அதுதான் கணக்கு. அங்கமுத்து மேஸ்திரி நாலு இஞ்சு இறக்க நினைத்தார். ஆறு இறங்கிவிட்டது. ஒட்டியாகிவிட்டது. பசையும் காய்ந்துவிட்டது.

தப்பு கையில் இருந்தது. கரூரில் முப்பத்தாறு வருஷம் பஸ் பாடி கட்டியவர். எதை அறுத்தாலும் அறுத்த முகத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மினுக்கிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். அன்றைக்கும் கோட்டில் சரியாகத்தான் அறுத்தார். பிறகு மேல் முகத்துக்கு இரண்டு இழுப்பு. கீழ் முகத்துக்கு இரண்டு இழுப்பு. பஸ்ஸில் அது தூசி. இங்கே இரண்டு இஞ்சு.

அந்த மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பேர். அமெரிக்காவில், இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய இளவட்டங்கள் செய்த வேலை. யாரோ ஓட்டிக் கழித்த முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டைப் பிடிப்பார்கள். கூரையை அறுத்து இறக்குவார்கள். பெரிய இஞ்சினை உள்ளே திணிப்பார்கள். பறப்பார்கள். அந்த வண்டியின் சின்ன உருவம் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்து வண்டியாக்குவது வாங்கியவன் பாடு.

மேஸ்திரியின் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. பேர் சாரதாமணி. பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள், இவள் பல்லைச் செய்து அனுப்புவாள். ஜவுளிக் கிடங்கு ஒன்றின் மாடியில் பட்டறை. ஒரு மேஜையில் பற்கள். மறு மேஜையில் கார்கள்.

சிஷ்யனுக்கு அறுபத்தெட்டு. இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பல் செட் சரியாக உட்காரவில்லை என்று சண்டை பிடிக்கத்தான் அவர் அந்த மாடி ஏறினார். அலமாரியில் ஒரு சின்ன வண்டியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இதை யாரு கட்டுனது?"

"நாந்தாங்க. வாயைத் திறங்க."

"வாய் கெடக்குது அம்மணி. கதவு இடுக்கு எப்படி இத்தனை நேரா வந்துச்சு?"

பல் செட் அரை மணியில் சரியாகிவிட்டது. அவர் வீட்டுக்குப் போகவில்லை.

முதல் வருஷம் சக்கரம் மட்டும் செய்தார். செய்ததெல்லாம் குப்பைக்குப் போனது. இரண்டாம் வருஷம் இஞ்சின். மூன்றாம் வருஷம்தான் சாரதாமணி பீரோவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தப் பெட்டி இப்ப எங்கயும் வர்றதில்லீங்க மேஸ்திரி. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை நான் பண்ணிட்டேன். இது உங்களுக்கு."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைஞ்சதுதான்."

ஒரே ஒரு கட்டளை போட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. அந்த வருஷத்துக்குப் பிறகு வந்த எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. மேஸ்திரி புத்தகம் புத்தகமாகப் பார்த்தார். சக்கரத்துக்கு மினுமினுப்பு இல்லாத சிவப்பு. முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர். பின்விளக்கு கண்ணீர்த் துளி மாதிரி. ஒயரைப் பிரித்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து இஞ்சினுக்கு எட்டு பிளக் ஒயர் கோத்தார். எல்லாம் சுத்தம். குறை சொல்ல இடமில்லை. கூரை ஒன்றைத் தவிர.

இதில் அவருக்கு என்ன போயிற்று என்றால், மேஜை போயிற்று.

வருஷத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தச் சின்ன வண்டிக்காரர்கள் கூடுவார்கள். சாரதாமணிக்கு அங்கே ஒரு மேஜை உண்டு. சிஷ்யர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு முழம் இடம், பேர் எழுதிய அட்டையோடு. வண்டி முடியவில்லை என்றால் இடம் காலியாகவே கிடக்கும். வேறு யாரையும் அதில் வைக்க விடமாட்டாள். இரண்டு வருஷமாக அங்கமுத்துவின் இடம் காலி. போன வருஷம் யாரோ ஒருவர் அதில் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி அதை எடுக்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த வருஷக் கூட்டம் வரும் ஞாயிறு. கூரை இறங்கியது திங்கள்.

செவ்வாய் காலையில் வண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

சாரதாமணி யாருடைய கடைவாய்ப் பல்லையோ மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். மறு மேஜையில் சிக்கந்தர் இருந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இன்னொரு சிஷ்யன். வாய் கொஞ்சம் நீளம்.

மேஸ்திரி துண்டைப் பிரித்தார்.

"என்னங்க மேஸ்திரி, வண்டி மேல யானை கீது உக்காந்துருச்சுங்களா?"

"உன் சோலியைப் பார்றா."

சாரதாமணி பல்லைக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கையில் எடுத்தாள். முன்னால் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். ஸ்கேலைத் தொடவில்லை.

"ஆறு" என்றாள்.

"ஆமா."

"அரமுங்களா?"

"ஆமா."

"ம்."

மேஸ்திரிக்கு அந்த "ம்" பிடிக்கவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம். "ம்" என்றால் என்ன செய்வது?

"இங்க பாருங்க அம்மணி, ஒரே கேள்விதான். திரும்ப அறுத்து ரெண்டு மில்லி சீவல் வெச்சு உசத்தட்டுமா, இல்ல இப்படியே விட்டுடட்டுமா?"

"அறுத்தா தாங்குமுங்களா?"

"கூரைத் தூண் தீக்குச்சி கனம்தான். ஒருக்கா அறுத்து ஒட்டுனது. மறுக்கா அறுத்தா பொடியாப் போகலாம். போகாமயும் இருக்கலாம்."

"விட்டா?"

"விட்டா அசிங்கம்."

"யாருக்கு?"

"பார்க்கறவங்களுக்கு."

"சரி. அந்தக் கேள்வியை என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"குருகிட்டக் கேக்காம வேற எவன்கிட்டக் கேக்கறதாம்?"

சாரதாமணி டிராயரைத் திறந்து பல் அச்சுக்கு வைத்திருக்கும் ரோஸ் மெழுகில் ஒரு துண்டைக் கிள்ளினாள். விளக்கில் காட்டினாள். உருட்டினாள். கத்தி முனையால் கீறினாள். பத்து நிமிஷத்தில் ஓர் ஆள் வந்துவிட்டான். கை, கால், கழுத்து, தலை. உட்கார்ந்த மேனிக்கு இருந்தான். கண் மூக்கு இல்லை.

வண்டியின் மேல்கூடு தனியே கழலும். கழற்றி வைத்தாள். ஆளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். கூட்டை மேஸ்திரி கையில் கொடுத்தாள்.

"மூடுங்க. மூடிப்போட்டு அவரைக் கேளுங்க."

மேஸ்திரி மூடினார். பக்கம் படியவில்லை. கூடு சட்டத்துக்கு மேலே ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். படிந்தது. உள்ளே மண்டை தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது.

சிக்கந்தர் எட்டிப் பார்த்தான். "போலீஸுக்குச் சொல்லட்டுங்களா?"

சாரதாமணி இன்னொரு துண்டு மெழுகு எடுத்தாள். இன்னொருவன் வந்தான். மேஸ்திரி இந்தத் தடவை மெதுவாக மூடினார். தலை முன்னால் மடங்கி மோவாய் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

"இப்ப சரியா இருக்குது" என்றார் மேஸ்திரி.

"எதைப் பார்த்துட்டு ஓட்டறாருங்க?"

"ம்?"

"தொடையைப் பார்த்துட்டு ஓட்டறாரு."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு யோசனையும் வரும், முக்கால்வாசி தப்பான யோசனை. "ஆளைச் சின்னதாப் பண்ணுங்க அம்மணி. ரெண்டு மில்லி. யாருக்குத் தெரியப் போகுது?"

"பண்ணலாமுங்க. உங்க பட்டறையில அப்படித்தான் டிரைவர் புடிச்சீங்களா? கூரைக்குத் தக்கன ஆளா?"

சிக்கந்தர் சிரித்தான். சிரிப்பது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேஸ்திரி கூட்டைக் கழற்றி ஒட்டிய மெழுகைச் சுரண்டினார். காதோரம் சிவந்துவிட்டது. சாரதாமணி மூன்றாவது ஆளைச் செய்து, ஒரு காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் படுக்கப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள். அவள் அந்த டிரைவர் கேள்வியைத் தெரிந்து கேட்கவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள். அவருக்கு அது தைத்துவிட்டது.

எண்பத்தொன்பதில் ஒரு முதலாளிக்கு ரூட் பஸ் கட்டினார். முன்மூக்கு தணிந்த வண்டி, டிரைவர் தலைக்கு மேலே கூரை சரிந்து இறங்கும். அப்போது அந்த மாதிரி கரூரில் யாரும் கட்டியதில்லை. தெருவில் நின்று பார்த்தார்கள். நாலு ஊர் முதலாளிகள் வந்து அதே மாதிரி வேண்டும் என்றார்கள். அந்த வண்டிக்கு வந்த டிரைவர் ஆறடிக்கு மேல். பேர் மாரப்பன். முதல் நாள் வந்து சொன்னான், "மேஸ்திரி, தலை இடிக்குதுங்க." இரண்டாம் நாளும் வந்தான். "குனிஞ்சு ஓட்டு" என்றார் மேஸ்திரி. மூன்றாம் நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அவன் குனிந்து ஓட்டுகிறான் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டார் என்பதும் பொய். நினைக்கவே இல்லை.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மாரப்பன் இப்போது தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. தலை கூட்டத்துக்கு மேலே தெரிந்தது. கையில் மைக்.

"திண்டுக்கல் வண்டி! ரெண்டு நிமிஷம் ஓவர். எடுப்பா! மாமியார் வீட்டு விருந்தா நடக்குது அங்க? எடு, எடு!"

"மாரப்பா."

மாரப்பன் திரும்பினார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்திருந்தது. மேஸ்திரி முதலில் கழுத்தைத்தான் பார்த்தார். கோணல் இல்லை.

"அட, மேஸ்திரிங்களா! வாங்க வாங்க. எந்த ஊருக்குங்க?"

"எந்த ஊருக்கும் இல்ல. ஒண்ணு கேக்கணும். எண்பத்தொன்பதுல உனக்கு ஒரு வண்டி கட்டினேன். மூக்குத் தணிஞ்சது."

"மறக்குமுங்களா? தலை இடிக்குதுன்னு வந்து நின்னேன். குனிஞ்சு ஓட்டுன்னீங்க."

"சொன்னேன்."

"ரெண்டு நாள் குனிஞ்சு ஓட்டினனுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் சம்சாரம் கேக்கறா, யாருக்குக் கும்புடு போட்டுட்டு வாறீங்கன்னு."

"அப்புறம் நீ வரவே இல்ல."

"எதுக்கு வரணும்? மூணாம் நாளு ஆக்ஸா பிளேடு ஒண்ணு வாங்கினேன். சீட்டோட காலு நாலையும் நாலு விரக்கடை உசரத்துக்கு அறுத்துப்போட்டேன்."

மேஸ்திரி ஓர் அடி கிட்டே வந்தார்.

"அறுத்தியா?"

"அறுத்தனுங்க."

"என் வண்டியில? எவனைக் கேட்டு அறுத்தே?"

மாரப்பன் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

"உங்க வண்டிங்களா மேஸ்திரி? ஒரு மாசம் வெளிய நின்னு கட்டுனீங்க. நான் பதினோரு வருஷம் உள்ள உக்காந்திருந்தேன்."

ஈரோட்டு வண்டி ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது. அந்தச் சத்தம் போகும்வரை மேஸ்திரி காத்திருந்தார். அந்த நேரம் அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

பிறகு பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார்.

"ஆத்தாடி! இது என்னங்க, எறும்பு ஓட்டற வண்டியா?" மாரப்பன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி. மேஸ்திரி துண்டைக் கீழே விரித்துப் பிடித்தார். ஆனால் கை மெத்தென்று பிடித்திருந்தது, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. மாரப்பன் கண்ணாடி இடுக்கில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

"ரொம்பத் தணிவு. இதுல எவன் உக்காருவான்?"

"அதைத்தான் கேக்க வந்தேன்." தீப்பெட்டியைத் திறந்து மெழுகு ஆளைக் காட்டினார்.

"இவனா? இவன் எதுக்கு இப்படி நட்டமா உக்காந்திருக்கான்? பரிச்சை எழுதப் போறானுங்களா? வண்டி ஓட்டறவன் இப்படி உக்கார மாட்டான் மேஸ்திரி. இருங்க."

மாரப்பன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே கீழே சரிந்தார். முதுகு சாய்ந்தது. கால் இரண்டும் நீண்டு டைம் போர்டை முட்டின. கை இரண்டையும் மடிக்கு நேரே வைத்துக்கொண்டார். கண் மட்டும் எதிரே சாலையில் இருந்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் பயந்துவிட்டாள்.

"ஏனுங், இவருக்கு நெஞ்சு வலிங்களா?"

"இல்லீங்காத்தா, வண்டி ஓட்டறேன். நீங்க போங்க."

மேஸ்திரி ஜேபியிலிருந்து டேப்பை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு நடுவில், அந்த மனிதரை நாற்காலிப் பலகையிலிருந்து உச்சந்தலைவரை அளந்தார். நட்டமாக உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார். சாய்ந்ததில் மூன்று இஞ்சு குறைந்திருந்தது.

"அப்ப சீட்டை அறுக்க வேண்டியதில்ல" என்றார் மேஸ்திரி. "சாய்ஞ்சா போதும்."

"போதாதுங்க. ரோட்டுல மேடு பள்ளம் கெடையாதுங்களா? வண்டி ஒரு குதி குதிச்சா மண்டை போய்க் கூரையில அடிக்கும். தலைக்கு மேல ரெண்டு விரக்கடை காலி வேணும். காலை அறுங்க. மெத்தை தரையோட ஒட்டிக் கெடக்கட்டும். அப்பறம் ஸ்டியரிங்."

"ஸ்டியரிங்குக்கு என்ன?"

"ஆளு எறங்குனா அதுவும் கூட எறங்கணுமுங்க. இல்லாட்டி ஜெயில்ல கம்பிக்குள்ள இருந்து பார்க்கற மாதிரி சக்கரத்துக்குள்ள இருந்துதான் ரோட்டைப் பார்க்கணும்."

மேஸ்திரி எல்லாவற்றையும் தீப்பெட்டி மேல் எழுதிக்கொண்டார். இடம் போதவில்லை. உள்ளங்கையில் எழுதினார்.

"நீங்க உக்காந்து பார்த்ததில்லீங்களா மேஸ்திரி?" என்று கேட்டார் மாரப்பன்.

"எதுல?"

"கட்டுன வண்டியில. டிரைவர் சீட்டுல."

மேஸ்திரி துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஞாயித்துக்கெழமை உனக்குச் சோலி ஏதாவது இருக்குதா?" என்றார்.

வியாழனும் வெள்ளியும் மேஸ்திரி வீட்டில் யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. பேசினால் கடிப்பார். சீட்டைப் பெயர்த்து எடுத்தார். அடியை அறுத்தார். அறுத்த கை தன்னால் அரத்தைத் தேடிப் போயிற்று. எடுத்தும்விட்டார். ஒரு மூச்சு பார்த்துவிட்டு அதை ஜன்னல் வழியாக வெளித் திண்டில் வைத்தார். எட்டாத இடம். மெத்தையின் முதுகைச் சாய்த்து ஒட்டினார். ஸ்டியரிங் தண்டை விளக்குச் சூட்டில் காட்டி வளைத்தார். முன்கண்ணாடி இடுக்குக்கு, மருந்துக் கடை மாத்திரை அட்டையில் இருக்கும் கண்ணாடித் தாளை வெட்டிப் பொருத்தினார். மெழுகு ஆளை வெந்நீர் ஆவியில் பிடித்து முதுகைச் சரித்தார், காலை நீட்டினார், கையை மடிக்கு நேரே கொண்டுவந்தார். கழுத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டார். காக்கி வர்ணத்தில் சட்டை எழுதினார்.

இரண்டு நாளில் பல தடவை தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கையை மடிக்கு நேரே வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரம்மாள் பாவாயி அடுப்படியிலிருந்து இதைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

"போற எடம் போறேன். நீ காபி கொண்டா."

சனிக்கிழமை கூட்டை மூடினார். அழுத்தவில்லை. தன் கனத்துக்கே போய்ப் படிந்தது.

அப்படியே மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். சாரதாமணி அன்றைக்கு ஒரு முழுச் செட்டு முடித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வண்டியை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இப்படி அவர் எந்த முதலாளி முன்னாலும் நின்றதில்லை.

அவள் கூட்டைக் கழற்றிப் பார்த்தாள். மூடினாள். இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கூரையை உசத்தலீங்களா?"

"இல்ல."

"ஏனுங்க?"

"ஐம்பத்தொண்ணுல எவனாவது ஒருத்தன் ராத்திரி பகலா கூரையை அறுத்திருப்பான். அளவு கூடத்தான் போயிருக்கும். அவன் போய் வேற வண்டியா வாங்கியிருப்பான்? எறங்கி உக்காந்திருப்பான்."

சாரதாமணி வண்டியைக் கீழே வைத்தாள்.

"சரியா இருக்குதா அம்மணி?"

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்பறம் என்னை எதுக்குங்க கேக்கறீங்க?" என்றாள். பல்லை எடுத்து வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது. கன்னம் காட்டிக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தரின் ஆம்னியில் போனார்கள். ஓட்டியது மாரப்பன். தானே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். காங்கயம் தாண்டும் வரை ஆம்னி சீட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். மேஸ்திரி பக்கத்து சீட்டில் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் மாரப்பனின் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் எண்பது, நூறு வண்டிகள் இருந்தன. சாரதாமணியின் மேஜையில் அங்கமுத்து என்ற அட்டை. அதன் முன்னால் ஒரு முழம் காலி. மேஸ்திரி துண்டைப் பிரித்து வண்டியை வைத்தார். ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி வலப்பக்கம் நகர்த்தினார்.

"வெச்சது வெச்சபடி இருக்கட்டுங்க மேஸ்திரி" என்றான் சிக்கந்தர். "மேஜைக்கும் காலை அறுத்துப்போடாதீங்க."

மேஸ்திரி அவன் முதுகில் ஒன்று வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவனை அடித்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் சின்ன டார்ச். மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்த வண்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"கூரை ஜாஸ்தி எறங்கிருக்கே. ஆறு இஞ்சு வருமா?"

"ஆறு" என்றார் மேஸ்திரி.

"ரொம்பங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா..." சொல்லிக்கொண்டே டார்ச்சை இடுக்கு வழியாக உள்ளே அடித்தார். பேச்சு நின்றுவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தார். முட்டி போட்டார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எழுந்தபோது முட்டியில் தூசி இருந்தது. தட்டிக்கொள்ளவில்லை.

"காக்கிச் சட்டை?"

"பட்டாளத்துல குடுத்தது. ஊருக்கு வந்தும் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பான்."

"தலைக்கு மேல எடம் இருக்கு."

"ரெண்டு விரக்கடை."

நடுவர் டார்ச்சை அணைத்தார்.

"இருபது வருஷமா நானும் பார்க்கறேன். எல்லாரும் கூரையை எறக்கறாங்க. உள்ள ஒருத்தன் உக்கார முடியுமான்னு எவரும் பார்க்கறதில்ல. இதுல உக்காந்திருக்கான். சுகமா உக்காந்திருக்கான்." மேஜைக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "இத்தனை எறங்குன கூரையை இப்படிச் சரி பண்ணுனது யாரு?"

மேஸ்திரி சாரதாமணியைக் காட்டினார். "அம்மணிதான். என் குரு."

சாரதாமணி தலையை ஆட்டினாள். "நான் மெழுகு உருட்டுனேன். அவ்வளவுதானுங்க."

நடுவர் மேஸ்திரியிடம் திரும்பினார். "அப்ப நீங்கதானா?"

"நான் கெடுத்தவன்" என்றார் மேஸ்திரி.

நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் பண்ணியிருக்கணுமேங்க?"

சாரதாமணி மோவாயால் மண்டபத்தின் கோடியைக் காட்டினாள்.

"அதோ, ஜன்னல்கிட்ட ஒசரமா ஒருத்தர் உக்காந்து ரெண்டாவது வடை தின்னுட்டிருக்காருல்லீங்க? அவருதான். பேரு மாரப்பன்."